வேகமாக ஓடியது உண்மை, காரணமும் உண்மை: தண்டச்சீட்டு கிடைத்தால் எப்படி முடிவெடுப்பது?

அண்ணை அந்தத் துண்டை மூன்று நாளாக யாருக்கும் காட்டவில்லை. நான்காம் நாள் வான் கூட்டித் துடைக்கும்போது அண்ணிதான் அதைக் கண்டெடுத்து எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, பொலிஸ் துண்டு ஒண்டு கிடக்கு. சிங்களத்தில எழுதியிருக்கு. கேட்டா ஒண்டும் சொல்லுறாரில்லை. ஒருக்கா வந்து பாருங்கோ."

அண்ணை என் பெரியம்மாவின் மகன். கிளிநொச்சி மாவட்டத்தில் வான் வைத்து ஹயர் ஓடுகிறார். 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தவர்களில் ஒருவர். அதன் பிறகு இரண்டு வருடங்கள் அவர் இருந்த இடங்களைப் பற்றி எங்கள் குடும்பத்தில் யாரும் கேட்பதில்லை. தனக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட தாள்களில் அந்த நாட்களில் பல தடவை கையெழுத்து வைத்ததாக ஒரேயொரு முறை சொல்லியிருக்கிறார். ஆகவே வேகமாக ஓடியதற்காகக் கொடுக்கப்பட்ட ஒரு சாதாரணத் தண்டச்சீட்டை அவர் ஏன் ஒளித்து வைத்தார் என்பதை நான் கேட்கவேண்டி இருக்கவில்லை.

நடந்தது இதுதான். ஒரு மாலை ஹயர் முடிந்து நகரத்தில் நின்றவருக்குப் பக்கத்து வீட்டுப் பெண் தொலைபேசி எடுத்தார். அவரது ஆறு வயது மகளுக்கு முட்டு வருத்தம். அன்று மூச்சு எடுக்கவே முடியவில்லை. கணவர் தொழிலுக்குப் போய்விட்டார், வீட்டில் வாகனம் இல்லை. அண்ணை உடனே வானைத் திருப்பினார். ஏ9 வீதியில் கடைகளும் வீடுகளும் நெருக்கமாக உள்ள ஒரு பகுதியில் பொலிஸார் மறித்தார்கள். கருவி 71 கிலோமீற்றர் காட்டியது. அங்கே எல்லை 50. வான் வெறுமையாக இருந்தது. பிள்ளை இன்னும் வீட்டில்தான். அண்ணை தமிழில் சொன்னதை அந்த உத்தியோகத்தர் விளங்கிக்கொண்டாரா, விளங்கியும் நம்பவில்லையா தெரியாது. அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு சீட்டை எழுதிக் கொடுத்தார். அண்ணை போய்ப் பிள்ளையையும் தாயையும் ஏற்றி வைத்தியசாலையில் சேர்த்தார். பிள்ளை இப்போது நலம்.

காரணம் உண்மை. வேகமும் உண்மை. இந்த இரண்டும் ஒன்றாக இருக்கும்போது என்ன செய்வது? வாகனம் ஓட்டும் பலருக்கும் வரக்கூடிய கேள்வி இது. எங்கள் ஆட்கள் பலர் இதற்குப் பயத்தினால் பதில் தேடுகிறார்கள். சிலர் கோபத்தினால் தேடுகிறார்கள். இரண்டும் இல்லாமல் எப்படி முடிவெடுப்பது என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்க முயல்கிறது.

முதலில் சீட்டை வாசியுங்கள்

இது மிகச் சாதாரண ஆலோசனையாகத் தோன்றும். ஆனால் அண்ணை செய்யாத முதல் வேலை இதுதான். சீட்டில் கையால் எழுதிய பகுதி சிங்களத்தில் இருந்ததால், அதில் என்ன குற்றம் எழுதப்பட்டிருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. வேகம் என்றுதான் எழுதினார்களா, வேறு ஏதாவதா என்ற சந்தேகத்தோடு மூன்று நாள் நித்திரை இல்லாமல் இருந்திருக்கிறார்.

சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஐந்து விடயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, எழுதப்பட்டிருக்கும் குற்றம். இரண்டு, இடமும் நேரமும். மூன்று, வாகன இலக்கமும் உங்கள் பெயரும் சரியா என்பது. நான்கு, தண்டத் தொகை. ஐந்து, சீட்டு எழுதிய திகதி. உங்களுக்குள்ள கால எல்லை அந்தத் திகதியிலிருந்துதான் ஓடத் தொடங்குகிறது.

இடம் ஏன் முக்கியம்? இலங்கையில் கார், வான், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றுக்குக் குடிமனைகள் நெருங்கிய பகுதிகளில் எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். ஏனைய பகுதிகளில் 70. முச்சக்கரவண்டிக்கு 40. வேகத்துக்கான உடனடித் தண்டம், எல்லையை எத்தனை வீதம் தாண்டினீர்கள் என்பதை வைத்தே கணிக்கப்படுகிறது. அண்ணை ஓடிய 71 என்பது, 70 எல்லையுள்ள பகுதியில் ஒரு கிலோமீற்றர்தான் கூட. 50 எல்லையுள்ள பகுதியில் அது 42 வீதம் கூட. வேகம் ஒன்றுதான், ஆனால் இரண்டும் வேறு வேறு அளவுக் குற்றங்கள். எனவே நீங்கள் மறிக்கப்பட்ட இடத்தில் எந்த எல்லை நடைமுறையில் இருந்தது, அறிவிப்புப் பலகை எங்கே இருந்தது என்பதை மறுநாளே போய்ப் பார்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள்.

வழிகள் எத்தனை?

சட்டப்படி உங்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது வழி தண்டத்தைச் செலுத்துவது. சீட்டுக் கிடைத்த நாளிலிருந்து 14 நாட்களுக்குள் தபாலகத்தில் பணத்தைக் கட்டி, பற்றுச்சீட்டைக் கொண்டுபோய் உரிய பொலிஸ் நிலையத்தில் காட்டினால் அனுமதிப்பத்திரம் திரும்பக் கிடைக்கும். அதுவரை அந்தச் சீட்டே தற்காலிக அனுமதிப்பத்திரமாகப் பயன்படும். 14 நாட்கள் தாண்டினால் தண்டம் இரட்டிப்பாகும். 28 நாட்கள் தாண்டினால் விடயம் நீதிமன்றத்துக்குப் போகும். 2025 இல் அறிமுகமான 'கவ்பே' முறை நடைமுறைக்கு வந்துள்ள இடங்களில் கைத்தொலைபேசி மூலம் அந்த இடத்திலேயே தண்டத்தைக் கட்டி, அனுமதிப்பத்திரத்தைக் கையோடு வாங்கிக்கொண்டு போகலாம். அப்படிக் கட்டிவிட்டால் அந்த விடயம் அங்கேயே முடிந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பிறகு காரணம் சொல்ல இடமில்லை.

இரண்டாவது வழி நீதவான் நீதிமன்றம். உடனடித் தண்டத்தைக் கட்டாதவர் மீது பொலிஸார் வழக்குத் தாக்கல் செய்வார்கள். உங்கள் காரணத்தைச் சொல்லக்கூடிய இடம் அதுதான்.

மூன்றாவதாகப் பலர் செய்வது ஒன்று உண்டு. ஒன்றும் செய்யாமல் இருப்பது. அண்ணை செய்துகொண்டிருந்தது அதைத்தான். அது ஒரு வழி அல்ல, பொறி. தற்காலிக அனுமதிக்குரிய நாட்கள் முடிந்த பிறகு வாகனம் ஓட்டினால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓடிய குற்றமும் சேரும். அழைப்பாணைக்கு நீதிமன்றம் போகாவிட்டால் பிடியாணை வரும். வேகத்துக்கான தண்டம் காசோடு முடிகிற விடயம். பிடியாணை அப்படியில்லை. பொலிஸாரைக் காணப் பயந்து சீட்டை ஒளித்து வைப்பவரின் வீட்டு வாசலுக்கே கடைசியில் பொலிஸாரைக் கொண்டுவருவது அந்த ஒளிப்புத்தான்.

நான்காவதாக, வீதியிலேயே 'ஏதாவது குடுத்து முடிக்கிற' பழக்கம். இலஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி என்பதே சட்டம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. யாராவது கேட்டால் அந்த இலக்கம் உங்களுக்காகத்தான் இருக்கிறது.

காரணம் வேறு, மறுப்பு வேறு

முதல் நாள் நான் அண்ணைக்குச் சொன்ன ஆலோசனை பிழை. "கோட்டுக்குப் போவம், பிள்ளையின்ர உயிர் பிரச்சினை, நீதவான் விடுவார்" என்றேன். கோபத்தில் சொன்னது அது. பிறகு வழக்காடும் சட்டத்தரணித் தோழி ஒருவரிடம் கேட்டபோது அவர் ஒரே கேள்வியைத்தான் திருப்பிக் கேட்டார்: "உங்கட அண்ணை குற்றமில்லை எண்டு சொல்லப் போறாரா, காரணம் சொல்லப் போறாரா? ரெண்டும் ஒண்டில்லை."

இந்த வேறுபாடு விளங்கினால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

மறுப்பு என்றால் "நான் அந்தக் குற்றத்தைச் செய்யவில்லை" என்பது. கருவி அளந்தது என் வாகனத்தை அல்ல, முந்திச் சென்ற வாகனத்தை. அந்த இடத்தில் எல்லை 50 அல்ல, 70. அந்த நேரத்தில் வாகனத்தை ஓட்டியது நான் இல்லை. இவை மறுப்புகள். இவற்றில் ஒன்று உண்மையானால் குற்றமில்லை என்று சொல்லி வழக்காடலாம். குற்றத்தை நிரூபிக்க வேண்டியது வழக்குத் தொடுப்பவரின் கடமை. கருவியை இயக்கிய உத்தியோகத்தரிடம் உங்கள் சட்டத்தரணி குறுக்கு விசாரணை செய்யலாம்.

காரணம் என்றால் "செய்தேன், ஆனால் இந்தச் சூழ்நிலையில் செய்தேன்" என்பது. அது குற்றத்தை இல்லாமல் ஆக்காது. தண்டனையைக் குறைக்க உதவலாம். நோயாளியை ஏற்றிவிட்டால் தனியார் வான் நோயாளர் காவு வண்டி ஆகிவிடாது. வேக எல்லை அதற்கும் உண்டு.

இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய பாதை ஒன்றும் இருக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 74 ஆம் பிரிவு, தீய எண்ணமின்றி, நல்லெண்ணத்தோடு, வேறொரு தீங்கைத் தடுப்பதற்காகச் செய்த செயல் குற்றமாகாது என்று சொல்கிறது. கேட்கும்போது எங்கள் கதைக்கே எழுதியதுபோல இருக்கும். ஆனால் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 105 ஆம் பிரிவின்படி, இப்படியான விதிவிலக்குத் தனக்குப் பொருந்தும் என்று நிரூபிக்க வேண்டியவர் குற்றஞ்சாட்டப்பட்டவர்தான். வேறு வழி இருக்கவில்லையா என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வி எங்கள் பகுதியில் எப்படி வரும் என்பது தெரிந்ததே: "1990 க்கு ஏன் எடுக்கவில்லை?"

சுவசெரிய இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை 2018 இல் வடமாகாணத்துக்கு வந்தது. அண்ணையிடம் இதே கேள்வியைக் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். "அது மனசில வரேல்லையடா. ஆருக்கும் ஏலாமப் போனா வாகனம் வச்சிருக்கிறவன் ஓடவேணும். அதுதான் பழக்கம்."

ஷெல் விழுந்த நாட்களில் காயக்காரரை உழவு இயந்திரத்திலும் மோட்டார் சைக்கிளிலும் நாமேதான் ஏற்றி ஓடினோம். கூப்பிட்டால் வருவதற்கு அன்று யாரும் இருக்கவில்லை. அந்தப் பழக்கத்தை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் இன்று நீதிமன்றத்தில் நிற்கும்போது அது முழு விடையாகாது என்பதையும் நாம் தெரிந்திருக்க வேண்டும்.

நீதவான் என்ன செய்யலாம்?

குற்றத்தை ஏற்றுக்கொள்பவருக்கு நீதிமன்றம் தண்டம் விதிக்கலாம். அது உடனடித் தண்டத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. கூடுதலாகவும் இருக்கலாம்.

ஆனால் 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவைச் சட்டத்தின் 306 ஆம் பிரிவைப் பற்றி நம் வாசகர்கள் தெரிந்திருப்பது நல்லது. குற்றம் நிரூபிக்கப்பட்டதாக நீதவான் கருதினாலும், அந்த நபரின் நடத்தை, முன்வரலாறு, வயது, உடல்நலம், மனநிலை, குற்றம் சிறியது என்பது, குற்றம் நடந்த சூழ்நிலை ஆகியவற்றைக் கவனத்தில் எடுத்து, குற்றத்தீர்ப்பு வழங்காமலே எச்சரித்து விடுவிக்கவோ நிபந்தனையோடு விடுவிக்கவோ அந்தப் பிரிவு இடமளிக்கிறது. 'சூழ்நிலையைக் கவனியுங்கள்' என்று நீங்கள் கேட்பதற்குச் சட்டத்தில் உள்ள இடம் அது. இது நீதவானின் தற்றுணிபு. நீங்கள் கேட்டுப் பெறும் உரிமை அல்ல.

இங்கே ஒரு இடத்தில் பலர் தடுமாறுகிறார்கள். அதே சட்டத்தின் 183 ஆம் பிரிவின்படி குற்ற ஒப்புதல் நிபந்தனை இல்லாததாக இருக்க வேண்டும். "குற்றம்தான் ஐயா, ஆனா நான் அவ்வளவு வேகமா ஓடேல்லை" என்று சொன்னால் அது ஒப்புதல் ஆகாது. வழக்கு விளக்கத்துக்குப் போகும். உங்களுக்கு இன்னும் பல தவணைகள் கிடைக்கும். காரணம் சொல்வது உங்கள் நோக்கமென்றால் முதலில் ஒப்புக்கொள்ளுங்கள், பிறகு காரணத்தைச் சொல்லுங்கள். வரிசை மாறக்கூடாது.

நீதவானின் மேசையில் அன்று நூறு வழக்குகள் இருக்கலாம். உங்களுக்குக் கிடைப்பது ஒன்றிரண்டு நிமிடங்கள். சட்டத்தரணி இல்லாமல் போனால் இப்படிச் சொல்லலாம்:

"ஐயா, நான் குற்றத்தை ஏற்றுக்கொள்கிறேன். அன்று மாலை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு மூச்செடுக்க முடியவில்லை என்று தாய் அழைத்ததால் ஏற்றப் போனேன். பிள்ளை அன்றே வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார், அதற்கான பத்திரம் இருக்கிறது. இத்தனை வருடமாக வாகனம் ஓட்டுகிறேன், இதற்கு முன் இப்படிக் குற்றம் செய்ததில்லை. இனிச் செய்யமாட்டேன்."

இவ்வளவு போதும். பொலிஸாரைக் குறைசொல்லத் தொடங்கினால் கதை உங்களிடமிருந்து விலகி அவர்களிடம் போய்விடும்.

ஆதாரம் உங்கள் கையில்தான்

அண்ணையின் வான் மறிக்கப்பட்டபோது வெறுமையாக இருந்தது என்பதுதான் அவரது பெரிய சிக்கல். காரணம் கண்ணுக்குத் தெரியவில்லை. இப்படியான நிலையில் தாள்கள்தான் பேசும்.

தாயின் அழைப்பு வந்த நேரம் கைத்தொலைபேசியில் இருக்கும். அதை அழியவிடாமல் படம் எடுத்து வையுங்கள். பிள்ளையை அனுமதித்த நேரமும் திகதியும் வைத்தியசாலைப் பத்திரத்தில் இருக்கும். பிள்ளைக்கு ஏற்கெனவே நோய் இருப்பதைக் கிளினிக் கொப்பி காட்டும். தாய் நேரில் வந்து சொல்ல முடியுமா என்றும் கேட்டு வையுங்கள். சீட்டில் உள்ள நேரம், அழைப்பு நேரம், அனுமதி நேரம் மூன்றும் ஒரே வரிசையில் பொருந்தினால் உங்கள் கதைக்குக் கால் முளைக்கும். பொருந்தாவிட்டால் நீங்கள் எவ்வளவு உருக்கமாகச் சொன்னாலும் அது நிற்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேறு யாரோ ஒருவரின் கிளினிக் கொப்பியைக் கடன் வாங்கிக்கொண்டு நீதிமன்றம் போகிறவர்கள் இருக்கிறார்கள். பொய்ச் சாட்சியம் வேகத்தைவிடப் பல மடங்கு பாரதூரமான குற்றம். அதோடு, உண்மையாகவே நோயாளியோடு ஓடிய அடுத்த சாரதியின் சொல்லையும் அது மதிப்பில்லாமல் செய்துவிடுகிறது.

எந்த மொழியில் பேசலாம்?

வடக்கு கிழக்கில் முதலேற்பு நீதிமன்றங்களின் மொழி தமிழ். சிக்கல் தொடங்குவது ஏ9 இல் வவுனியாவைத் தாண்டித் தெற்கே போகும்போதுதான். மதவாச்சியிலோ அநுராதபுரத்திலோ தம்புள்ளையிலோ மறிக்கப்படும் கிளிநொச்சிச் சாரதி, வழக்காடுவதென்றால் அங்குள்ள நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். அங்கே வழக்கு சிங்களத்தில் நடக்கும்.

ஆனாலும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. அரசியலமைப்பின் 18 ஆம் உறுப்புரையின்படி தமிழும் அரசகரும மொழி. 22 ஆம் உறுப்புரையின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடங்களிலும் நீங்கள் அரச உத்தியோகத்தருடன் தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் உரித்துடையவர். 24 ஆம் உறுப்புரையின்படி நீதிமன்றத்தில் தமிழில் பேசலாம். வழக்கு நடக்கும் மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பு வசதியைக் கேட்கலாம். கேட்கும் இடம் முக்கியம். குற்றச்சாட்டு வாசிக்கப்படும்போதே, பதில் சொல்வதற்கு முன்பே, "எனக்கு விளங்கவில்லை, தமிழில் வேண்டும்" என்று சொல்லுங்கள். தலையை ஆட்டிவிட்டுப் பிறகு விளங்கவில்லை என்பது கடினம்.

எழுதப்பட்டது விளங்காமல் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள் என்பது எங்கள் சமூகம் மிகப் பெரிய விலை கொடுத்துப் படித்த பாடம். அது சிறிய தாளுக்கும் பொருந்தும். கோபமாகக் கேட்கத் தேவையில்லை. "இதில என்ன எழுதியிருக்கெண்டு தமிழில சொல்லுங்கோ" என்ற ஒரு வசனம் போதும்.

கணக்குப் பார்த்தால்

முடிவெடுப்பதற்கு நாங்கள் அன்று ஒரு கொப்பித் தாளில் இரண்டு பக்கமும் எழுதினோம். நீங்களும் அப்படிச் செய்யலாம்.

ஒரு பக்கம் தண்டத் தொகையும் தபாலகத்துக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் போகும் அரைநாளும். மறுபக்கம் நீதிமன்றத்துக்குப் போகும் நாட்களின் ஹயர் வருமானம், சட்டத்தரணி வைத்தால் அவரது கட்டணம், தண்டம் கூடக்கூடிய வாய்ப்பு, எல்லாவற்றையும்விட முக்கியமாக, வழக்கு முடியும்வரை அனுமதிப்பத்திரத்தின் நிலை. வாகனம் ஓட்டி உழைப்பவர் இந்தக் கடைசி விடயத்தைப் பொலிஸ் நிலையத்திலோ சட்டத்தரணியிடமோ முதலிலேயே கேட்டுத் தெளிவாக வேண்டும்.

இதை வைத்துப் பார்த்தால் நீதிமன்றம் போவது பொருத்தமாகும் இடங்கள் இவை: நீங்கள் குற்றத்தையே செய்யவில்லை. சீட்டில் நீங்கள் செய்யாத வேறு குற்றம் எழுதப்பட்டிருக்கிறது. நோயாளி வாகனத்திலேயே இருந்தார், அதற்கான பத்திரங்கள் கையில் உண்டு, தண்டமும் பெரியது. வசதி குறைந்தவர்கள், 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்தில் முதலில் ஆலோசனை கேட்கலாம். வழக்காடுவதென முடிவெடுத்தால் நாட்கள் முடியும்வரை வீட்டில் இருக்காமல், பொலிஸ் நிலையத்தில் அதைச் சொல்லி வழக்குத் திகதியைக் கேட்டு வாங்குங்கள். அந்தத் திகதியில் போய் நில்லுங்கள்.

குற்றம் நடந்தது உண்மை, காரணம் உண்மை ஆனால் ஆதாரம் பலவீனம், தண்டம் தாங்கக்கூடியது என்றால் கட்டிவிட்டு வேலையைப் பார்ப்பது தோல்வி அல்ல. தண்டம் கட்டுவதால் உங்கள் காரணம் பொய்யாகிவிடுவதில்லை. அந்தக் காரணத்துக்காக இவ்வளவு காசு கொடுத்தேன் என்றும் அதைப் பார்க்கலாம்.

ஒன்றைமட்டும் மறைக்கக்கூடாது. அந்த இடத்தில் எல்லை 50 என்று வைத்தது வீணுக்கு அல்ல. அண்ணை 71 இல் கடந்த அந்தக் கடைத்தெருவில் மாலையில் பிள்ளைகள் ரியூசன் முடிந்து சைக்கிளில் வருகிறார்கள். யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் 321 கிலோமீற்றர் ஏ9 வீதி, 2006 இல் மூடப்பட்டபோது அது திறக்க வேண்டும் என்று எங்கள் சனம் ஏங்கியது. போருக்குப் பிறகு கார்ப்பெற் போட்ட அந்த வீதியில் எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்திருக்கிறோம் என்பது ஒவ்வொரு கிராமத்துக்கும் தெரியும். ஒரு பிள்ளைக்காக ஓடும்போது இன்னொரு பிள்ளை வீதியைக் கடக்கலாம். நீதவான் கேட்காவிட்டாலும் அந்தக் கேள்வி அங்கே இருக்கிறது.

அண்ணை எடுத்த முடிவு

தாளை எழுதி முடித்துவிட்டு நான் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணைதான் யோசித்துச் சொன்னார். வான் வெறுமையாக இருந்தது. 1990 க்கு எடுக்கவில்லை. வேகம் உண்மை. இரண்டு நாள் ஹயர் போனால் அந்த மாதத்து லீசிங் காசு இடிக்கும். "கட்டுவம். ஆனா பயத்தில கட்டேல்லை எண்டு நினைச்சுக்கொள்" என்றார்.

ஒன்பதாம் நாள் தபாலகத்தில் பணம் கட்டினோம். பொலிஸ் நிலையத்துக்குப் போகும்போது நானும் கூடப் போனேன். வாசலில் அவர் கொஞ்ச நேரம் நின்றார். நான் பற்றுச்சீட்டைக் கேட்டுக் கை நீட்டினேன். தரவில்லை. தானே உள்ளே கொண்டுபோனார்.

மேசையில் இருந்தவர் பற்றுச்சீட்டைப் பார்த்து அனுமதிப்பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். கையெழுத்து வைக்க ஒரு கொப்பியை நீட்டினார். அண்ணை பேனையை எடுக்கவில்லை. "இதில என்ன எழுதியிருக்கு? தமிழில சொல்லுங்கோ" என்றார். குரல் பெரிதாக வரவில்லை. அவர் உள்ளே பார்த்துத் தமிழ் பேசும் உத்தியோகத்தர் ஒருவரைக் கூப்பிட்டார். வந்தவர் வரிவரியாக வாசித்துச் சொன்னார். அனுமதிப்பத்திரம் திரும்பப் பெற்றுக்கொண்டேன், அவ்வளவுதான் அதில் இருந்தது. அண்ணை கையெழுத்து வைத்தார். பிறகு, யாரும் கேட்காமலே, அந்தப் பிள்ளையின் கதையைச் சொன்னார். கேட்டுவிட்டு அவர், "பிள்ளை இப்ப சுகமா?" என்றார்.

திரும்பி வரும்போது அண்ணை 48 இல்தான் ஓடினார். வீட்டுக்கு வந்ததும் அண்ணி, பக்கத்து வீட்டுக் கதவிலும் எங்கள் கதவிலும் 1990 என்று பெரிதாக எழுதி ஒட்டினார்.